கொல்கத்தாவில் பைக்கை நிறுத்திவிடுங்கள்

இரண்டு நண்பர்கள், ஒரே பைக், டிசம்பரில் சென்னையிலிருந்து கிளம்பி ஐந்தாறு நாளில் கொல்கத்தா, அங்கே மூன்று நாள், பிறகு ரயிலில் ஊர் திரும்புவது. இதுதான் உங்கள் திட்டம். மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்: கொல்கத்தாவை பைக்கிலேயே சுற்றலாமா, என்னென்ன பார்க்க வேண்டும், திரும்பும்போது வண்டியை ரயிலில் ஏற்ற முடியுமா. கடைசிக் கேள்விக்கு முடியும் என்பது பதில். முதல் கேள்விக்கும் முடியும்தான், ஆனால் செய்யாதீர்கள். நடுவில் உள்ளதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

இந்தச் சாலையில் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை கொல்கத்தாவை முழுசாக வீணடித்தேன். 1,600 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டி வந்தவனுக்கு வண்டியைவிட்டு இறங்க மனம் வரவில்லை. மூன்று நாளும் சிக்னலில் நின்றேன், ஒருவழிப் பாதையில் மாட்டினேன், நிறுத்த இடம் தேடினேன். ஊருக்கு வந்தபின் யாராவது கொல்கத்தா எப்படி இருக்கிறது என்று கேட்டால், எனக்கு முன்னால் போன பஸ்களின் பின்புறத்தைப் பற்றித்தான் சொல்ல முடிந்தது. இரண்டாம் முறை வந்த அன்றே வண்டியை ஓர் ஓரமாக நிறுத்தி, உறை போட்டு மூடிவிட்டேன். அதிலிருந்து பெற்ற அனுபவம்தான் கீழே வருவது.

முதலில் கடைசி நாளைப் பற்றிப் பேசிவிடுவோம். தேசிய நெடுஞ்சாலை 16 உங்களைச் சென்னையிலிருந்து நெல்லூர், விஜயவாடா, ராஜமுந்திரி, விசாகப்பட்டினம், புவனேஸ்வர், பாலசோர், கரக்பூர் என்று கிட்டத்தட்ட கொல்கத்தாவின் வாசல் வரை கொண்டுவந்து விடும். பழைய ஆட்கள் இதில் பெரும்பகுதியை இன்னமும் 'என்.ஹெச். 5' என்றுதான் சொல்வார்கள். முதல் நாள் விஜயவாடா, இரண்டாம் நாள் விசாகப்பட்டினம், மூன்றாம் நாள் புவனேஸ்வர், நான்காம் நாள் கொல்கத்தா என்று நாளுக்கு 350 முதல் 450 கிலோமீட்டராகப் பலரும் பிரித்துக்கொள்கிறார்கள். சாலை நன்றாக இருப்பதால் அது முடியும். உங்களிடம் ஆறு நாள் இருக்கிறது. சிலிகா ஏரிக்கரையில் ஒரு பகலைக் கொடுங்கள், புவனேஸ்வர் பக்கத்தில் தௌலிக் குன்றில் அசோகரின் கல்வெட்டைப் பாருங்கள். மிச்சம் ஒரு நாளை நான் கேட்கிறேன். கொல்கத்தாவுக்குச் சுமார் 70 கிலோமீட்டர் முன்னால் இருக்கிற கோலாகாட்டில் கடைசி இரவைத் தங்குங்கள்.

"எழுபது கிலோமீட்டர்தானே, போய்விடலாமே" என்று தோன்றும். அப்படித் தோன்றுவதுதான் ஆபத்து. தமிழ்நாட்டுக்காரர்கள் கணக்கில் எடுக்க மறப்பது ஒன்று உண்டு. கொல்கத்தா நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றே. டிசம்பரில் அங்கே மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். சென்னையில் அதே நாளில் இன்னும் முக்கால் மணி நேர வெளிச்சம் பாக்கி இருக்கும். புவனேஸ்வரில் காலை எட்டு மணிக்கு நிதானமாக டிபன் சாப்பிட்டுக் கிளம்பியவர், ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும் என்ற ஊர்ப் பழக்கத்தில் ஓட்டுவார். அவர் ஹவுராவின் லாரி நெரிசலுக்குள் நுழையும்போது கும்மிருட்டு, அலுவலகம் விடும் நேரம், நாள் முழுக்க வண்டி அதிர்ந்த கை. முதல் முறை நான் அப்படித்தான் நுழைந்தேன். யார் மேலும் மோதவில்லை என்பதைத் தவிர அந்த இரவைப் பற்றிச் சொல்ல நல்லது எதுவும் இல்லை.

கோலாகாட்டில் தங்குவதில் இன்னொரு லாபம், ரூபநாராயண் நதி. சாலையோர தாபாக்களில் கூட்டம் அலைமோதும். அந்தப் பகுதி முழுக்கப் பூ விளைகிற நிலம். பான்ஸ்குரா பக்கம் குளிர்காலத்தில் செண்டுமல்லியும் சாமந்தியும் வயல் வயலாக நிற்கும். ஒரு கால் மணி நேரம் வண்டியை ஓரங்கட்டிப் பாருங்கள். அந்தப் பூக்களைக் கொல்கத்தாவில் மறுபடி சந்திக்கப்போகிறீர்கள்.

நுழைவதற்கு ஞாயிற்றுக்கிழமை காலையைவிட நல்ல நேரம் இல்லை. பொழுது விடிந்தபின் கிளம்புங்கள், விடியும் முன் வேண்டாம். டிசம்பர் மூடுபனியில் விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி கடைசி இருபது அடியில்தான் கண்ணுக்குத் தெரியும். பனி அடர்ந்திருந்தால் இன்னொரு டீ குடியுங்கள். உலுபேரியா, துலாகர் தாண்டியதும் கவனம் வேண்டும். நெடுஞ்சாலை நேராக வடக்கே டன்குனிக்குப் போய்விடும். நீங்கள் நிப்ராவில் அதைவிட்டுப் பிரிந்து கோனா எக்ஸ்பிரஸ்வேயைப் பிடிக்க வேண்டும். அது சாந்த்ராகாச்சி வழியாக உங்களை வித்யாசாகர் சேதுவில் ஏற்றிவிடும். 1992இல் திறந்த தொங்குகம்பிப் பாலம் இது. ஏறும்போது வலது இடது என்று பார்க்காமல் ஓட்டுங்கள், பார்க்க நிறைய இருக்கும் என்பதால் சொல்கிறேன். கீழே ஹூக்ளி நதி, எதிரே 'மைதானம்' என்ற பெரிய திடலின் பச்சை. அந்த ஒன்றரை நிமிடம்தான் உங்கள் பைக் பயணத்தின் முடிவு. நல்ல முடிவு. அதற்குப் பின்னும் வண்டியிலேயே ஊர் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த முடிவு கெட்டுவிடும்.

ஏன் நகரத்துக்குள் வண்டி வேண்டாம் என்கிறேன்? மூன்று காரணங்கள் உடனே சொல்ல முடியும். கொல்கத்தாவில் பல சாலைகள் காலையில் ஒரு திசையில் ஒருவழிப் பாதை, மதியத்துக்குமேல் எதிர்த் திசையில் ஒருவழிப் பாதை. காலையில் போன வழியிலேயே மாலையில் திரும்பலாம் என்று நினைத்தால் வேறு பேட்டைக்குப் போய்ச் சேர்வீர்கள். சில மேம்பாலங்களில் இரு சக்கர வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, பலகையைப் பார்க்காமல் ஏறினால் அபராதம். அடுத்தது டிராம் தண்டவாளம். சாலையோடு சமமாகப் பதிந்து, பாதி தார் மூடி, பாதி பளபளத்துக் கிடக்கும். தண்டவாளத்துக்கு இணையாக ஓட்டி, சாய்வாகக் கடக்கப் பார்த்தால் சக்கரம் தன் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகும். நான் விழுந்தது ஒரு தூறல் நாளில், பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில். பயணம் முழுக்க 80இல் வந்தவனுக்கு முழங்கால் சிராய்த்தது அங்கேதான். கடந்தே ஆக வேண்டும் என்றால் வேகத்தைக் குறைத்து, செங்குத்தாகக் கடந்துவிடுங்கள். நடுவில் பிரேக் பிடிக்காதீர்கள்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. பைக் பயணத்தில் கண் தூரத்தைப் பார்க்கப் பழகிவிடுகிறது. ஐந்து நாள் கழித்தும் அந்தப் பழக்கம் விடாது. கொல்கத்தாவோ கிட்டத்தில் பார்க்க வேண்டிய ஊர். ஒரு திண்ணை, அதில் நான்கு பெரியவர்கள், நடுவே ஒரு பத்திரிகை. அதன் மேலே இடிந்த கொரிந்தியத் தூண், தூணில் முளைத்த அரசங்கன்று. இதை நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பார்க்க முடியாது. வண்டியிலிருந்து இறங்கிய முதல் நாள் நடை தள்ளாட்டமாகத்தான் இருக்கும். காதில் காற்று இரையும், வலது மணிக்கட்டு தானாகவே முறுக்கும். அது அடங்க ஒரு பகல் பிடிக்கும். அதனால் முதல் நாளுக்கென்று எதையும் திட்டமிடாதீர்கள். குளித்து, தூங்கி, மாலையில் நதிக்கரையில் உட்காருங்கள். அது போதும்.

தங்குமிடத்தை இதற்கேற்பப் பாருங்கள். சட்டர் தெருவிலும் வட கொல்கத்தாவிலும் மலிவாக அறைகள் உண்டு, வண்டி நிறுத்தத்தான் இடம் இருக்காது. "பார்க்கிங் இருக்கிறது" என்று போனில் சொன்ன ஒரு லாட்ஜில் போய்ப் பார்த்தபோது, அவர்கள் சொன்ன பார்க்கிங் வாசலில் ஓடும் சந்துதான். "காம்பவுண்டுக்குள், கேட்டுக்குள்" என்று அழுத்திக் கேளுங்கள், படம் அனுப்பச் சொல்லுங்கள். தெற்கே பாலிகஞ்ச், கரியாஹாட், காளிகாட் பக்கம் விருந்தினர் இல்லங்களில் இது எளிதாகக் கிடைக்கும், மெட்ரோவும் பக்கம். அங்கே தங்கினால் லேக் மார்க்கெட் நடந்து போகிற தூரம். தலைமுறைகளாகத் தென்னிந்தியர்கள், குறிப்பாகத் தமிழர்கள், குடியிருந்து வந்த பகுதி அது. கறிவேப்பிலை, முருங்கைக்காய், காப்பித்தூள் எல்லாம் கிடைக்கும். ஒரு வாரம் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கியவர்கள் முதல் நாள் இட்லியோடு அங்கேயே அடங்கிவிடலாம். இரண்டாம் நாளும் அங்கேயே சாப்பிட்டால் கொல்கத்தா வந்ததற்குப் பொருளில்லை.

மெட்ரோ, படகு, டிராம், கால். இந்த நான்கும்தான் இனி உங்கள் வண்டிகள். இந்தியாவின் முதல் மெட்ரோ இங்கேதான் 1984இல் ஓடத் தொடங்கியது. பழைய வடக்கு–தெற்குத் தடத்தோடு, 2024இல் ஹூக்ளி நதிக்கு அடியில் போகும் தடமும் வந்தது. ஹவுராவுக்கும் எஸ்பிளனேடுக்கும் நடுவில், முக்கால் நிமிடம் தலைக்கு மேலே நதி ஓடும். சுரங்கச் சுவரில் நீல விளக்கு போட்டிருக்கிறார்கள், இல்லாவிட்டால் தெரியவே தெரியாது. டிராமின் கதை வேறு. 1873இல் குதிரைகள் இழுத்து ஆரம்பித்தது, 1902இல் மின்சாரத்துக்கு மாறியது, இப்போது இறுதி மூச்சில் இருக்கிறது. எஸ்பிளனேடு–மைதானம் என்ற ஒரு தடத்தைத் தவிர மற்றவற்றை நிறுத்திவிடப் போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. நீங்கள் போகும்போது எந்தத் தடம் ஓடுகிறதோ, அது எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போங்கள். என்னைக் கீழே தள்ளிய தண்டவாளத்தின் மேல் மரப்பலகை இருக்கையில் உட்கார்ந்து போனபோது எனக்கு அதன்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது.

இரண்டாம் நாள் காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுங்கள். பயணத்தில் விடியலில் எழுந்து பழகியிருப்பீர்கள், அந்தப் பழக்கத்தை வீணாக்க வேண்டாம். ஹவுரா பாலத்தின் மேற்குக் கரையிலிருந்து நடந்து கிழக்கே வாருங்கள். 1943 பிப்ரவரியில், போர்க்காலத்தில், திறப்பு விழா எதுவும் இல்லாமல் திறக்கப்பட்ட பாலம். நட்டு, போல்ட் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்துக் கட்டியது. 26,500 டன் எஃகில் 23,000 டன் டாடா நிறுவனம் கொடுத்தது. 1965இல் ரவீந்திர சேது என்று பெயர் வைத்தார்கள், ஊர் ஹவுரா பிரிட்ஜ் என்றே சொல்கிறது. நடைபாதையில் போகும்போது தூக்குக் கம்பங்களின் அடிப்பாகத்தைக் கவனியுங்கள். வெற்றிலை எச்சில் எஃகையே அரித்துவிட்டதால் அவற்றுக்குக் கண்ணாடி இழைக் கவசம் போட வேண்டி வந்தது. ஜப்பான் குண்டுக்குத் தப்பிய பாலம், எச்சிலுக்குக் கவசம் கேட்டது.

பாலம் முடிகிற இடத்தில், அதன் நிழலிலேயே மல்லிக் காட் பூச்சந்தை. படி இறங்கும்போதே மணமும் சத்தமும் சேர்ந்து வரும். செண்டுமல்லி மாலைகளை மலைப்பாம்பு போல் தோளிலும் தலையிலும் சுற்றிக்கொண்டு ஆட்கள் ஓடிவருவார்கள். வழிவிடாமல் படம் எடுத்துக்கொண்டு நின்றால் திட்டு விழும், நியாயமான திட்டு. இந்தப் பூவில் நிறையவும் நீங்கள் முந்தாநாள் கடந்து வந்த கோலாகாட், பான்ஸ்குரா வயல்களிலிருந்து விடிகாலை ரயிலிலும் வண்டியிலும் வந்ததுதான். கோயம்பேட்டில் திண்டுக்கல் பூ இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேகம் புரியும். ஆனால் கோயம்பேட்டில் நதி இல்லை. இங்கே பூக்காரர் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, படித்துறையில் இறங்கி முங்கிக் குளித்துவிட்டு வந்து விலை சொல்கிறார்.

பிறகு படகு. டிக்கெட் சில்லறைக் காசுதான். ஹவுராவிலிருந்து வடக்கே பாக்பஜார் பக்கம் போகும் படகில் ஏறி, கரையோரம் குமார்துலிக்குப் போங்கள். துர்கா பூஜைக்கான களிமண் சிலைகள் பிறக்கிற தெரு. டிசம்பரில் துர்கை இருக்க மாட்டாள். அடுத்து வரும் சரஸ்வதி பூஜைக்காக வரிசை வரிசையாகச் சரஸ்வதிகள், சிலருக்குத் தலை இல்லாமல், சிலருக்கு இன்னும் மண்ணே பூசாமல் வைக்கோல் உடம்பாக நிற்பார்கள். மூங்கில் சட்டம், அதன்மேல் வைக்கோல் கட்டு, அதன்மேல் நதி மண், காய்ந்தபின் வண்ணம், கடைசியில் கண். தெருவே அவர்களின் பட்டறை, நாம்தான் நடுவே புகுந்தவர்கள். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். கேட்கும்போது 'தாதா' என்று கூப்பிட வேண்டும். அங்கே அதற்கு அண்ணன் என்று அர்த்தம். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு உள்ள அர்த்தம் நினைவுக்கு வந்து முதல் இரண்டு முறை எனக்கு வாயே வரவில்லை.

பக்கத்திலேயே பாக்பஜாரில் போஸ்பாரா சந்தில் சகோதரி நிவேதிதை வாழ்ந்த வீடு இருக்கிறது. பாரதி தன் குருவாக ஏற்றுக்கொண்டவர். அந்தச் சந்தில் நான் நின்றபோது யாரும் என்னைப் பொருட்படுத்தவில்லை, ஒரு நாய் மட்டும் பார்த்தது. ஆனாலும் தமிழ் படித்தவர் அந்த வழியாகப் போகாமல் வரலாமா?

திங்கட்கிழமை இந்திய அருங்காட்சியகமும் விக்டோரியா நினைவகமும் மூடியிருக்கும். கல்லூரித் தெருவில் புத்தகக் கடைகள் பெரும்பாலும் ஞாயிறு விடுமுறை. ஆக, ஞாயிறு நுழைந்தவர்களுக்குக் கணக்கு தானாகவே விழுகிறது: திங்கள் கல்லூரித் தெரு, செவ்வாய் அருங்காட்சியகம். 1814இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது, நாட்டிலேயே பழையது. எழும்பூர் அருங்காட்சியகம் அதற்கு அடுத்தது. பார்ஹுத் பௌத்தத் தூபியின் சிவப்புக் கல்வேலி ஒன்றுக்காகவே போகலாம். விக்டோரியா நினைவகத்தை வெளியிலிருந்து, புல்லில் உட்கார்ந்து பார்த்தால் போதும் என்பது என் கருத்து. டிசம்பர்க் கூட்டத்தில் உள்ளே போவது வரிசையில் நிற்கும் அனுபவம் மட்டுமே. அதற்குப் பதில் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். 1767இல் திறந்தது. கூம்பும் பிரமிடுமாகக் கல்லறைகள், பாசி, நிழல், நிசப்தம். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் உறவு சொன்ன வில்லியம் ஜோன்ஸ் அங்கேதான் கிடக்கிறார். ஹாரன் சத்தத்திலிருந்து தப்ப நகர நடுவில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கல்லூரித் தெருவில் ஒரு முழுப் பகல் போய்விடும், போகட்டும். மூர் மார்க்கெட் எரிந்துபோகாமல் இருந்து, கிலோமீட்டர் கணக்கில் வளர்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கொல்கத்தாப் பல்கலைக்கழகமும் அங்கேதான். நம் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்த அதே 1857இல் பிறந்தது. எதிர்ச் சந்தில் ஆல்பர்ட் ஹால் மாடியில் இந்தியன் காப்பி ஹவுஸ். உயரமான கூரை, தொங்கும் மின்விசிறிகள், தலைப்பாகை கட்டிய பரிமாறுகிறவர்கள், மேலேயிருந்து கீழே வரை பேச்சு. காப்பி எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். கும்பகோணம் டிகிரி காப்பி குடித்து வளர்ந்தவர்கள் அங்கே காப்பிக்காகப் போகக் கூடாது. 'இன்ஃப்யூஷன்' என்று கேட்டால் பால் கலக்காத கருங்காப்பி வரும், அதை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம். எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். அந்த உரிமைக்குத்தான் காசு.

மதியச் சாப்பாட்டுக்கு அங்கிருந்து பவானி தத்தா சந்தில் ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டலைத் தேடிப் பிடியுங்கள். 'பைஸ் ஹோட்டல்' என்று சொல்லப்படும் பழைய வகைச் சாப்பாட்டுக் கடைகளில் ஒன்று. ஒரு காலத்தில் பைசாக் கணக்கில் சாப்பாடு போட்டதால் அந்தப் பெயர். அன்றைய மீன் என்ன, விலை என்ன என்று பலகையில் சாக்கட்டியால் எழுதியிருக்கும். வாழை இலையில் சாப்பாடு. இப்படிப்பட்ட கடைகளில் இலைக்குத் தனிக் காசு, எலுமிச்சைத் துண்டுக்குத் தனிக் காசு, ஒவ்வொரு கறிக்கும் தனிக் கணக்கு. நம் ஊர் அன்லிமிடெட் சாப்பாட்டுக்குப் பழகியவர்களுக்கு முதலில் கஞ்சத்தனமாகத் தோன்றும். சாப்பிட்டது எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் காசு என்று புரிந்தபின் மரியாதை வரும். கடுகு அரைத்த மீன் குழம்பு மூக்கில் ஏறும், தயாராக இருங்கள். சைவம் சாப்பிடுகிறவர் ஒருவர் உங்களில் இருந்தால் சுக்தோ என்ற கசப்புக் காய்கறிக் கூட்டும், பாசிப்பருப்பும், உருளைக்கிழங்குப் போஸ்தோவும் போதும். போஸ்தோ என்றால் கசகசா.

மற்ற சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் தெருமுனைக் கச்சோரியும் உருளைக்கிழங்குக் கறியும், மாலையில் புச்கா. பானிபூரி என்று அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், புளித்தண்ணீர் வேறு, உள்ளே போடும் மசாலா வேறு. பிரியாணியில் ஒரு முழு உருளைக்கிழங்கு இருக்கும். 1856இல் அவத் நவாப் வாஜித் அலி ஷா பதவி இழந்து இங்கே வந்து குடியேறியபோது அவரோடு வந்த சமையல் அது என்பார்கள். கிழங்கு ஏன் சேர்ந்தது என்பதற்கு ஆளுக்கு ஒரு கதை. டிசம்பர் என்றால் புது ஈச்சவெல்லம் வந்துவிடும். 'நோலேன் குர்' என்று கேளுங்கள். அந்த வெல்லம் போட்ட சந்தேஷ் என்ற இனிப்புக்குக் குளிர்காலம்தான் பருவம். ரசகுல்லாவை எல்லா மாதமும் சாப்பிடலாம் என்பதால் இந்த முறை அதை இரண்டாம் இடத்தில் வையுங்கள். அதிகாலையில் திரெட்டா பஜாரில் சீனக் குடும்பங்கள் விற்கும் பாவோ என்ற ஆவியில் வேகவைத்த பன்னும் மீன் உருண்டை சூப்பும் ஞாயிறுதான் களைகட்டும். உங்களுக்கு அது கிடைக்காது, வார நாளில் கொஞ்சமாக இருக்கும்.

நான்காம் நாள் கிடைத்தால் ஹவுராவிலிருந்து உள்ளூர் ரயிலில் ஸ்ரீராம்பூரும் சந்தன்நகரும் போய்வாருங்கள். இரண்டும் ஹூக்ளிக் கரையில், ஒரு மணி நேரத்துக்குள். ஸ்ரீராம்பூர் டேனியர்களின் ஊர். தரங்கம்பாடியையும் ஸ்ரீராம்பூரையும் அவர்கள் ஆங்கிலேயருக்கு விற்றது ஒரே ஆண்டில், 1845இல். சந்தன்நகர் பிரெஞ்சுக்காரர்களுடையது. பாண்டிச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடந்தவர்கள் சந்தன்நகரின் நதிக்கரைச் சாலையில் நின்றால் ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும். "இதற்காவது பைக்கை எடுக்கலாமே" என்று கேட்பீர்கள். ஜி.டி. சாலையின், அதாவது பழைய கிராண்ட் டிரங்க் சாலையின், அந்தப் பகுதியை ஒருமுறை ஓட்டியவன் சொல்கிறேன், ரயிலில் போங்கள்.

இனி வண்டியை அனுப்புவது. இரண்டு வழி உண்டு. நீங்கள் போகும் ரயிலிலேயே உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் போடுவது ஒன்று, டிக்கெட் இல்லாமல் பார்சலாகப் போடுவது இன்னொன்று. உங்களுக்கு முதலாவதுதான் சரி. ஆனால் எந்த நிலையம் என்று முதலில் உறுதி செய்யுங்கள். சென்னை மெயில் ஹவுராவிலிருந்து கிளம்புகிறது. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஷாலிமாரிலிருந்து கிளம்புகிறது. இரண்டும் நதிக்கு மேற்குக் கரையில்தான், ஆனால் வேறு வேறு இடம். தவறான நிலையத்துக்கு, பெட்ரோல் இல்லாத வண்டியோடு போய் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு நாள் முன்னதாகவே பார்சல் அலுவலகத்துக்குப் போய்ப் பேசிவிடுங்கள். ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் நகல், அடையாள அட்டை நகல், டிக்கெட் நகல் இரண்டிரண்டு வைத்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே பேக்கிங் ஆட்கள் இருப்பார்கள். வைக்கோலும் சாக்கும் சணலும் வைத்து அரை மணி நேரத்தில் உங்கள் வண்டியைக் குமார்துலிச் சிலைபோல் ஆக்கிவிடுவார்கள். கூலியை முன்னாலேயே பேசுங்கள். ஹெட்லைட்டுக்கும் டாங்குக்கும் இரட்டைச் சாக்கு கேளுங்கள். கண்ணாடிகளை நீங்களே கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாடில் பேக், மொபைல் தாங்கி எல்லாம் கழற்றிவிட வேண்டும். அட்டையில் பெயர், கிளம்பும் நிலையம், சேரும் நிலையம் எழுதி இரண்டு பக்கமும் கட்டுங்கள், சாக்கின் மேலும் மார்க்கரால் எழுதுங்கள். அட்டை பிய்ந்துபோகும், சாக்கு பிய்யாது.

பெட்ரோல் டாங்க் காலியாக இருந்தே ஆக வேண்டும். இதைத்தான் நான் சரியாகச் செய்யவில்லை. முந்தின நாள் ஏதோ நினைப்பில் ஐந்து லிட்டர் போட்டிருந்தேன். பேக்கிங் செய்தவர் குழாயைக் கழற்றி ஒரு கேனில் வடித்துக்கொண்டு, மிகவும் திருப்தியாகச் சிரித்தார். கோலாகாட்டில் போடும் பெட்ரோலே கடைசியாக இருக்கட்டும்.

கோரமண்டல் என்றால் ஷாலிமாரில் வண்டியைக் கொடுத்தபின் நேரம் மிஞ்சும். பக்கத்தில் சிப்பூர் தாவரவியல் பூங்காவில் பெரிய ஆலமரம் இருக்கிறது. நோய் பிடித்த தாய்த்தண்டை 1925இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். அதன்பின் 3,000க்கு மேற்பட்ட விழுதுகளே மரமாக நிற்கின்றன. அதன் நிழலில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு ரயிலேறலாம்.

சென்னை வந்ததும் வண்டியை எடுக்கத் தாமதிக்காதீர்கள், நேரம் கடந்தால் நிலையத்தில் கட்டணம் ஏறும். சாக்கை அவிழ்க்க ஒரு கத்தி, கண்ணாடிகளை மாட்ட ஸ்பேனர், இரண்டையும் கைப்பையிலேயே வையுங்கள். டாங்கில் ஒரு சொட்டு இருக்காது என்பதும் நினைவிருக்கட்டும். பக்கத்து பங்க் வரை தள்ள வேண்டும். இரண்டு பேராகப் போகிறீர்கள் அல்லவா, யார் தள்ளுவது என்று கொல்கத்தாவிலேயே பேசி முடித்துவிடுங்கள்.